கவிழ்த்துப் போட்ட படகின் பாடு

என் வேலை எழுதுவது.
வலைப்பாட்டுக் கரையில், தகரக் கொட்டிலின் கீழ்,
தராசுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை,
உப்பீரத்தில் ஊதிப்போன ஒரு கொப்பி.
படகு இலக்கம். வலைக்கண். போன நேரம், வந்த நேரம்.
நண்டின் அகலம். கிலோ.
சினை நண்டைத் திருப்பிக் கடலில் விட்டதா,
ஆம் அல்லது இல்லை.

இந்தக் கிறுக்கலைத்தான் தொழிற்சாலையில்
ஒரு சின்னக் கறுப்புச் சதுரமாக்கி
டப்பா மூடியில் ஒட்டுவார்கள்.
எங்கேயோ குளிர்நாட்டில் ஒருவர்
சாப்பிட முன் போனை நீட்டினால்
எங்கள் கடலின் படம் வருமாம்,
நீலம் கொஞ்சம் கூட்டிய படம்.

சோளகம் எழும்பின ஆனியில்
ஐந்து படகுதான் தொழிலுக்குப் போனது.
கூலர் வாகனம் பாதி வெறுமை.
இரவு பத்தரைக்கு வேறொரு வாகனம் வந்தது.
எந்தக் கரையிலிருந்து என்று நான் கேட்கவில்லை.
உள்ளங்கை அகலமும் வராத நண்டுகள்,
கால்களில் அறுந்த தங்கூசி நரம்பு.
சினையைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்,
வயிற்று மடலில் மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது.

முகாமையாளர் மெதுவாகத்தான் சொன்னார்:
"வலைப்பாடு என்றே போடு, பிள்ளை."
எந்தப் படகு?
"நல்ல பெயருள்ள ஒரு படகு."

றெமிஜியஸின் படகைப் போட்டேன்.
நாலு ஒன்று ஏழு.
சிறுகண் வலை தொடாத ஆள்.
இயந்திரம் தூக்கி இடுப்பு முறிந்து
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார்.
படகு மூன்று மாதமாய்க் கரையில், கவிழ்த்துப் போட்டபடி.
அன்றிரவு அது பதினெட்டுக் கிலோ பிடித்தது.
மறுநாள் இருபத்திரண்டு.
ஒருவரும் கடலில் இறங்காத வெள்ளிக்கிழமை, முப்பது.
அந்த ஆனியில் அதற்குத்தான் நல்ல பாடு.
எனக்கு நாளுக்கு ஆயிரத்து அறுநூறு,
இரவு வாகனம் வந்தால் மேலே ஐந்நூறு,
கணக்கில் இல்லாமல்.

ஆடியில் தணிக்கைக்காரர் வந்தார்,
ஒரு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு.
முதலில் தொழிற்சாலையில் கேட்டாராம்:
கையுறை தருகிறார்களா,
கழிப்பறைக்குப் போக விடுகிறார்களா,
மேலதிக நேரத்துக்குக் காசு உண்டா.
முகாமையாளர் பக்கத்தில் நிற்க
ஐம்பத்தைந்து பெண்கள் உண்டு உண்டு என்றார்களாம்.
சதை பிரிக்கும் மேசையின் கடைசியில் கிறேஸ்மலர் மட்டும்
வெட்டுக்காயம் ஊறி வெளிறிய பத்து விரலையும்
விரித்துக் காட்டிவிட்டு
அடுத்த நண்டை எடுத்து உடைத்தாளாம்.

பிறகு என்னிடம் வந்தார்.
"இந்தப் படகைப் பார்க்கலாமா?"

நடந்தோம். சப்பாத்துக்குள் மணல் போய்
இரண்டு தரம் நின்று தட்டினார்.
சொல்வதற்கு எனக்கு நிறைய நேரம் இருந்தது.
வெயில் கூட என்று சொன்னேன்.

அணியத்தில் பூசணிக்கொடி ஏறி
ஒரு பூவும் விட்டிருந்தது.
படகின் அடியில் கோழியொன்று அடைகிடந்தது.
அவர் இலக்கத்தைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார்.
குந்தியிருந்து
கோழியையும் சேர்த்துப் படம் எடுத்தார்.

அப்போது அனற்றா வந்தாள், றெமிஜியஸின் மனைவி,
ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி.
இந்தப் படகு ஆனியில் எழுபது கிலோ தந்ததாகப் பதிவு
என்றார் அவர்.
அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள்.
"கிலோ என்ன விலை போட்டனீங்கள்?
எழுபது கிலோக் காசு எங்கை?
ஆர் கையெழுத்து வைச்சு வாங்கினது?"

படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.
பேனாவைத் திறந்தவர் திறந்தபடி நின்றார்.
கடல் தாண்டிப் போய்
கடல் தாண்டித் திரும்பி வந்த தடம்
இந்த மணலில், என் காலடியில் நின்றது.

"எழுதினது என்ர கை" என்றேன்.

கோழி வெருண்டு எழும்பி ஓடியது.
ஆறு முட்டை. ஒன்று கீறியிருந்தது.
அனற்றா என்னைப் பார்க்காமல்
குனிந்து அவற்றை எண்ணத் தொடங்கினாள்,
சத்தமாக,
ஒவ்வொன்றாக.